கெங்கம்மாளின் பாவுக்களமும் ஆற்றுத் திட்டும்

1975ஆம் ஆண்டு ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, கீழண்டைத் தெருப் பாவுக்களத்தின் நீளம் தொண்ணூற்றாறு அடி. நாடாவைப் பிடித்து அளந்தவன் நான். என் எதிரிலேயே, குதிகாலை விரல்நுனியோடு சேர்த்து வைத்து நடந்து அளந்தவர் கெங்கம்மாள். அவர் பாதம் ஒன்பது அங்குலம். நூற்றிருபத்தெட்டுப் பாதம் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொண்ணூற்றாறு அடிதான்.

"நாடா எதுக்குங்க அய்யா, காலு இல்லியா?" என்றார்.

தாலுகா ஆபீசில் இருபத்தொன்பது ஆண்டு மழை அளந்து எழுதிவிட்டு ஓய்வு பெற்று, தெருக் குடிநீர்ச் சங்கத்துக்குக் காரியதரிசியாக நான் வந்த முதல் மாதம் அது. அன்று முதல் பதின்மூன்று ஆண்டு அந்தக் களத்தின் நீளத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளைக் கொண்டே கெங்கம்மாளைப் பற்றி எழுதுகிறேன்.

கெங்கம்மாள் போளூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர். பதினேழு வயதில் நெசவாளி லோகநாதனை மணந்து ஆரணிக்கு வந்தார். வரும்போது பட்டைத் தொட்டதுகூட இல்லை. பத்து ஆண்டில் தெருவிலேயே நல்ல பாவுக்காரி என்று பெயர் எடுத்தார். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாட்டு இழைகள் அத்தனையையும் வெளியில் விரித்து, இரு முனையிலும் முளையடித்து இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளைப் பிணைத்து, உருளையில் சுற்ற வேண்டும். அதுதான் பாவு வேலை. மூவாயிரம் நாலாயிரம் இழை கொண்ட பாவில் அறுந்த ஒன்றைக் கண்ணால் தேடுவது மற்றவர்கள் வழக்கம். கெங்கம்மாள் புறங்கையைப் பாவின்மேல் வைத்து மெதுவாக நகர்த்துவார். கை நிற்கும் இடத்தில் இழை அறுந்திருக்கும்.

மூன்று புடவைக்கான பாவு அறுபதடி நீளம். முளையடிக்கவும், ஆள் நின்று இழுக்கவும் ஒவ்வொரு முனையிலும் ஒன்பதடி வேண்டும். ஆக எழுபத்தெட்டு அடி. எங்கள் தெருவில் நாற்பது அடிக்கு ஒரு வளைவு. அதனால் ஆற்றங்கரையில், அரிசி மில்லின் சுற்றுச்சுவருக்கும் ஒரு வாய்க்காலுக்கும் நடுவே கிடந்த ஒடுக்கமான நிலத்தைத்தான் களமாக வைத்திருந்தோம். முப்பதடி அகலம். தெருப்பக்கம் தொடங்கி கமண்டல நாக நதியின் கரை விளிம்பில் முடியும். புங்கமரங்கள் இருந்ததால் காலை எட்டரை வரை வெயில் விழாது. கெங்கம்மாளும் அவர் ஆட்கள் ஐந்து பேரும் விடிந்ததும் தொடங்கி, வெயில் வருவதற்குள் ஒரு பாவை முடித்துவிடுவார்கள்.

இனி திட்டு வந்த கதை.

தெருவில் இருந்த கிணறுகள் மூன்றும் உப்பு. குடிநீருக்குப் பெண்கள் ஒன்றேகால் மைல் நடந்தார்கள். 1976 பிப்ரவரியில் சங்கத்துக் குடும்பங்கள் அறுபத்திரண்டும் சேர்ந்து, ஆற்றின் மணலில் இருபத்திரண்டு அடி ஆழத்துக்குச் சிமெண்டு உறை இறக்கினோம். தண்ணீர் இனிப்பாக இருந்தது. வெள்ளம் வந்தால் கிணற்று வாயில் சேறு புகுந்துவிடுமே என்று, ஓய்வு பெற்ற ஓவர்சியர் அற்புதராஜ் ஒரு வழி சொன்னார். கிணற்றைச் சுற்றிக் கல்லும் சரளையும் கொட்டி ஒரு திட்டு எழுப்புவது. அவர் பக்கத்துத் தெருக்காரர். ஒரு பைசா வாங்காமல் படம் வரைந்து கொடுத்தார். நாற்பதடிக்கு நாற்பதடி, ஏழடி உயரம், நாலு பக்கமும் சதுரம். மே மாதம் 23ஆம் தேதி வேலை முடிந்தது. தலையில் கல் சுமந்தவர்களின் பட்டியலில் கெங்கம்மாளின் பெயர் நாற்பத்தோரு நாள் இருக்கிறது. வேறு யார் பெயரும் அத்தனை நாள் இல்லை.

அந்த ஆண்டு மழை குறைவு. ஆற்றில் இரண்டு நாள் மட்டும் முழங்கால் தண்ணீர் ஓடியது. திட்டைச் சுற்றித் தண்ணீர் போவதைப் பார்க்கத் தெருவே கரையில் நின்றது. தீவு மாதிரி இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஜனவரியில் அளந்தபோது களம் தொண்ணூற்று நாலு அடி. இரண்டடி குறைந்ததை நான் மட்டும்தான் எழுதிக்கொண்டேன். கெங்கம்மாளிடம் சொன்னபோது, "எலி தோண்டியிருக்கும்" என்றார்.

1977 நவம்பர் 12, 13 தேதிகளில் பெரு வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் களம் எண்பத்தைந்து அடி. ஓரத்துப் புங்கமரம் வேரோடு போயிருந்தது. 1978 மழைக்குப் பிறகு எண்பது. அந்த இரண்டு ஆண்டும் திட்டுக்குக் கீழ்ப்பக்கம் அறுபதடி நீளத்துக்கு நாக்கு மாதிரி புது மணல் சேர்ந்தது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். எழுபத்தெட்டுக்கு இன்னும் இரண்டே அடிதான் மிச்சம் என்பது கெங்கம்மாளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதாக இல்லை. ஆற்றுப்பக்க முளையை இழுத்துப் பிடிப்பவர் லோகநாதன். அவர் முதுகுக்குப் பின்னால் ஓராள் நிற்க இடம் இல்லாமல் ஆகிவிட்டது.

"இன்னும் இழுய்யா" என்று கெங்கம்மாள் இந்த முனையிலிருந்து கத்துவார்.

"எங்கமே இழுக்கறது? இதுக்கு மேல ஒரு அடி பின்னால வச்சா நாளைக்கு நீ வேற ஆம்பள பாத்துக்கணும்" என்று அவர் அங்கிருந்து பதில் சொல்வார்.

1979 பிப்ரவரி 11 அன்று சங்கக் கூட்டம். தலைவர் துரைக்கண்ணு, தெருவிலேயே நெருக்கமாக நெய்பவர் என்று பெயர் வாங்கிய நெசவாளி. கெங்கம்மாளுக்கு மாமா முறை. அவர் எழுந்து, திட்டை உடைத்துவிடலாம் என்றார்.

"நம்ம கையால கட்டுனது நம்ம கரையத் திங்குது. ஒடச்சுடலாம். கெங்கம்மா, உன் களத்துக்காகத்தான் சொல்றேன்."

"என் களத்துக்காக ஊரு தண்ணிய ஒடைக்கச் சொல்லி நான் எப்ப மாமா கேட்டேன்?" என்றார் கெங்கம்மாள். "திட்டு போனா கெணத்துல சேறு. மறுபடியும் கொடத்தத் தூக்கிகினு ஒன்னேகால் மைல் நடக்கறது யாரு, நீங்களா?"

"அப்ப களம் போவட்டும்ன்றியா?"

"அதுவும் போவக்கூடாது."

"எங்க வூட்லயும் இதே ஞாயம்தான்" என்றார் லோகநாதன். "சோறும் வேவணும், வெறகும் தீரக்கூடாது."

கூட்டம் சிரித்தது. கெங்கம்மாள் சிரிக்கவில்லை. "ஆறு பேரு சோறு அந்தக் களத்துல கீது. சிரிங்கோ" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அற்புதராஜ் பின்வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து பேசியதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

"தப்பு என்னுதுங்க. கெணத்துக்குக் காவல்னு நெனச்சு வரைஞ்சேன். ஆத்துக்கு அது சுவருன்னு நெனைக்கல."

மறுநாள் காலை எங்களை ஆற்றுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஆற்றின் அகலம் அங்கே நூற்றெண்பது அடி. நடுவில் நாற்பதடியைத் திட்டு அடைத்துக்கொண்டது. வருகிற வெள்ளம் குறையாது. அத்தனையும் மிச்ச அகலத்தில்தான் போயாக வேண்டும். அதனால் வேகம் கூடுகிறது. வேகமான தண்ணீர் மண்ணை அள்ளும், மெதுவான தண்ணீர் மண்ணைப் போடும். சதுர முகத்தில் மோதிய வெள்ளம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி நேராகக் களத்துக் கரையில் வந்து இடிக்கிறது. திட்டின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குவதால் அங்கே மணல் படிகிறது.

கெங்கம்மாள் அந்த மணல் நாக்கின்மேல் ஏறி நின்றார். "அப்ப நான் நிக்கறது என் களத்து மேலதான்" என்றார்.

"பாதி உங்களுதுங்க. பாதி மேலேருந்து வந்தது" என்றார் அற்புதராஜ், நியாயம் தவறாமல்.

அவர் சொன்ன வழி இரண்டு. முதலாவது, திட்டின் மேல்முகச் சதுரத்தைப் படகு மூக்கு மாதிரி கூர்ப்பாக்குவது. இரண்டாவது, களத்துக் கரையிலிருந்து ஆற்றுக்குள் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சவுக்குக் கட்டை நட்டு மூங்கில் படல் கட்டுவது. மூக்கு வேலையை ஜூன் மாதத்துக்குள் முடித்தோம். படல் கட்டும் நேரத்தில் அற்புதராஜ் தம் மகளின் பிரசவத்துக்காக வேலூர் போய்விட்டார். படல்தானே, நமக்குத் தெரியாதா என்று நாங்களே தொடங்கினோம்.

மூங்கிலைப் பிளந்து மெல்லிய தப்பையாக்கிக் கட்டைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். பின்னியவர்கள் பதினெட்டுப் பேரும் நெசவாளிகள். துரைக்கண்ணு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு தப்பையையும் நுழைத்த பிறகு மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்கினார்கள், தறியில் ஊடையிழையைப் பலகை அடித்து நெருக்குவது போல. ஒரு இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. கெங்கம்மாள் அதில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழைந்தது.

"இது இன்னா நெசவு? அவுத்துட்டு மறுபடி போடுங்கோ" என்றார்.

அவிழ்த்துப் போட்டார்கள். ஆகஸ்டு 19 அன்று படல் முடிந்தது. அதைப் பார்க்க மற்றத் தெருக்காரர்கள்கூட வந்தார்கள். துரைக்கண்ணு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். "கல்யாணப் புடவை மாதிரி கீது" என்று லோகநாதன் சொன்னபோது எல்லோருக்குமே அப்படித்தான் பட்டது. எனக்கும்தான்.

அக்டோபரில் ஒரு சண்டை. கெங்கம்மாளின் பக்கத்து வீட்டுச் சின்னம்மாள், படலின் கரையோரப் பகுதியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகத் தப்பைகளை உருவிக்கொண்டு போய் அடுப்பெரித்துவிட்டார். நாலடி அகலத்துக்குப் படல் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. கெங்கம்மாள் அவர் வீட்டு வாசலுக்கே போனார்.

"ஏன்டி, ஊரு கூடிப் பின்னுன படலுதான் உன் அடுப்புக்குக் கெடச்சுதா?"

"மழையில வெறகு நனைஞ்சிட்சுக்கா. ரெண்டு குச்சி எடுத்ததுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு பண்ற? மொத்தமா எடுத்தனா? எடம் விட்டு எடம் விட்டுத்தான் எடுத்தேன்."

"திருடறதுலயும் உனக்கு ஒரு வரிசை!"

அந்த இடத்தைத் திரும்பப் பின்னுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 24ஆம் தேதி வெள்ளம். ஆற்றின் ஆழமான ஓரத்தில் நாங்கள் நட்டிருந்த குறிக்கல்லில் ஆறடி மூன்று அங்குலம். இருபத்தெட்டாம் தேதி தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். படல் நின்றது. ஒரு கட்டைகூடச் சாயவில்லை. கரைதான் போயிருந்தது. சுவர் மாதிரி இருந்த படலில் மோதிய வெள்ளம், உள்ளே புக வழியில்லாமல் அதன் நுனியைச் சுற்றிக்கொண்டு ஓடி, நுனியில் ஐந்தடிப் பள்ளம் பறித்து, பின்பக்கமாகத் திரும்பிக் கரையை அறுத்திருந்தது. களம் எழுபத்திரண்டு அடி.

கெங்கம்மாள் நடந்து அளந்தார். தொண்ணூற்றாறு பாதம். மூன்று புடவைப் பாவுக்கு நூற்று நாலு வேண்டும். முளைகளைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு அந்தக் களத்தில் இரண்டு புடவைப் பாவுதான் விரிக்க முடிந்தது. அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பாவு தீரும் ஒவ்வொரு தடவையும், பழைய இழை நுனியோடு புது இழை நுனியை ஒவ்வொன்றாகப் பிணைக்க ஒன்றரை நாள் போகும். மூன்று புடவைக்கு ஒரு தடவை செய்கிற வேலையை இரண்டுக்கு ஒரு தடவை எவன் செய்வான்? நெசவாளிகள் வந்தவாசி ரோட்டில் இருந்த இன்னொரு களத்துக்குப் பாவைக் கொண்டுபோனார்கள். கெங்கம்மாளின் ஆட்களில் மூன்று பேர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். டிசம்பர் 17 அன்று லோகநாதனின் பாவும் அங்கேதான் போனது. கெங்கம்மாள்தான் அதைத் துணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

"ஒன்னும் நெனச்சிக்காதமே" என்றார் லோகநாதன்.

"நெனைக்கறதுக்கு இன்னா கீது? ஜல்தியா போ, வெயில் வந்துடும். அங்க இழுக்கறவ கை முரடு. பாத்துச் சொல்லு" என்றார்.

1980 ஜனவரி முதல் வாரம். ஆறு வற்றி மணல் வெளியே தெரிந்தது. படலைப் பிரித்து விறகுக்குப் பங்கிடலாம் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. அதற்கு முன் படல் ஓரமாக மணல் மட்டத்தை அளந்து எழுதிவிட நான் போனேன். கெங்கம்மாள் கூட வந்தார், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க. நெருக்கமாகப் பின்னிய எட்டடிக்குப் பின்னால் மட்டம் முன்னைவிட இரண்டடி கீழே. சின்னம்மாள் குச்சி உருவிய நாலடிக்குப் பின்னால் பதினாலு அங்குலம் மேலே. தவறாக அளந்துவிட்டேன் என்று மறுபடி அளந்தேன். பதினாலு அங்குலம்தான். நைசான வண்டல், அதன்மேல் நாணல் முளை நாலைந்து.

கெங்கம்மாள் குந்தி உட்கார்ந்து அந்த இடைவெளிகளில் கையை விட்டார். முழுக் கையும் போனது. அடியில் படிந்த வண்டலை ஒரு பிடி அள்ளினார்.

"தண்ணிய நிறுத்தப் பாத்தோம்" என்றார். "தண்ணி நிக்குமா? உள்ள வுட்டிருக்கணும். உள்ள வந்து மெதுவா போனா, கொண்டாந்ததப் போட்டுட்டுப் போவும். இவ அடுப்பெரிக்க எடுத்த எடத்துலதான் போட்டுக்கீது."

பிறகு எழுந்து நேராகச் சின்னம்மாள் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சின்னம்மா, வெளிய வாடி."

"இன்னாக்கா, பழைய சண்டையா? நான் அப்பறம் ஒரு குச்சி தொடல."

"குச்சி எத்தினி வுட்டு எத்தினி எடுத்த?"

"ஒன்னு வுட்டு ஒன்னு."

"நல்லா ஞாபகம் கீதா?"

"பசிச்சவளுக்குக் கணக்கு மறக்குமா? ஏன், போலீசுக்குச் சொல்லப் போறியா?"

"உன்ன மேஸ்திரியா போடப் போறேன்" என்றார் கெங்கம்மாள்.

சங்கத்தில் இதை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வேலூரிலிருந்து திரும்பிய அற்புதராஜ், நான் எழுதிய அளவுகளைப் பார்த்துவிட்டு, கெங்கம்மாள் சொல்வதுதான் சரி என்றார். படலை எப்படிப் பின்னுவது என்று சொல்லாமல் போனதற்கும் வருத்தப்பட்டார். துரைக்கண்ணுவுக்குத்தான் மனம் வரவில்லை. ஓட்டை ஓட்டையாக ஒன்றைக் கட்டி அதில் தன் பெயரும் இருப்பது அவருக்கு அவமானமாகப் பட்டது.

"சல்லடை கட்றதுக்கு நெசவாளி எதுக்கு?" என்றார்.

"மாமா, கொசுவலை நெய்யச் சொன்னா நெய்ய மாட்டீங்களா? எடம் சமமா வுட்டுப் பின்றதுதான் கஷ்டம். கெட்டியா நெருக்கறதுக்கு எவன் வேணா வருவான்" என்றார் கெங்கம்மாள்.

துரைக்கண்ணு முனகிக்கொண்டே எழுந்து போனார். ஆனால் 1980 ஆகஸ்டு 17 ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம், தப்பைக்குத் தப்பை இடைவெளி வைக்க நாலு விரல் அகலத்தில் ஒரு மரக்கட்டையைச் சீவி எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் ஆற்றில் இருந்தார். அன்று பதினைந்தடிக்கு ஒன்றாக மூன்று படல் கட்டினோம். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி நீளம். யாராவது பழக்கத்தில் தப்பையைத் தட்டி இறக்கினால் சின்னம்மாள், "அண்ணே, நெருக்காதே" என்று குரல் கொடுப்பார். அன்றைக்கு முப்பது தடவையாவது கொடுத்திருப்பார். நான் எண்ணவில்லை.

அந்த ஆண்டு வெள்ளம் நாலடிதான். படல்களுக்கு நடுவே இருபத்திரண்டு அங்குலம் வண்டல் சேர்ந்தது. களம் ஒரு அங்குலமும் குறையவில்லை. கெங்கம்மாள் நாணல் கிழங்கைத் தோண்டி வந்து அந்த வண்டலில் சாணுக்கு ஒன்றாக நட்டார். 1981 மழைக்குப் பிறகு வண்டல் மூன்றடி ஐந்து அங்குலம். நாணல் ஆள் உயரம். அந்த ஆவணியில் படல்களை ஆற்றுக்குள் ஐந்தாறு அடி நீட்டியிருந்தோம், ஒன்று மட்டும் இன்னும் நீளம். கரை அங்கே ஆறடி உயரம். மிச்சம் இரண்டரை அடியை மேடாக்க, வீடு இடித்த செங்கல் கட்டி, வாய்க்கால் தூர்வாரிய மண் என்று எது கிடைத்தாலும் கொண்டுவந்து கொட்டினோம்.

இடையில் ஒரு தொல்லை. 1982 மார்ச்சில் எதிர்க்கரைத் தணிகாசலம் சங்கத்துக்கு வந்தார். ஆற்றோரம் வெள்ளரி போடுகிறவர். எங்கள் படலால் வெள்ளம் அவர் பக்கம் ஒதுங்கி, அவர் ஓரத்தில் இரண்டடி போய்விட்டது என்றார். சங்கத்தில் சிலர் அவரை மறுத்துப் பேசினார்கள். போய் அளந்தேன். இரண்டடி நாலு அங்குலம். அவர் குறைத்தே சொல்லியிருந்தார்.

"ஆத்துக்கு ரெண்டு கரையும் ரெண்டு கண்ணுதானுங்களே, ஒன்ன மட்டும் காப்பாத்துனா எப்படீங்க?" என்று அவர் கேட்டது கெங்கம்மாளைத் தைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து போய், அவர் கரையிலும் அதே மாதிரி இரண்டு படல் கட்டிக் கொடுத்தார். எங்கள் படல்களில் நீளமான ஒன்றையும் மூன்றடி குறைத்தோம். தணிகாசலம் ஆட்களுக்கு வெள்ளரிப்பிஞ்சும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தார். அடுத்த ஆண்டு முதல் படல் புதுப்பிக்கும் ஞாயிறு இரண்டு கரைக்கும் ஒரே நாள்.

1983 செப்டம்பரில், சேர்ந்து கெட்டிப்பட்ட மண்ணோடு களம் எண்பத்தெட்டு அடி. ஆனால் கெங்கம்மாள் மூன்று புடவைப் பாவு விரிக்கச் சம்மதிக்கவில்லை. ஒரு பெரிய வெள்ளத்தைப் பார்க்காத மண்ணை நம்பி, அடுத்தவர் பட்டை விரிக்க மாட்டேன் என்றார். மண் இடிந்து முளை பிடுங்கிக்கொண்டால் பாவு முழுதும் சிக்கு. ஒரு மாதச் சோறு போய்விடும். வந்தவாசி ரோட்டுக்குப் போன நெசவாளிகள் இரண்டு தடவை வந்து கேட்டார்கள். இரண்டு தடவையும், "மழை போவட்டும்" என்றார்.

அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. எங்கள் குறியில் ஏழடி இரண்டு அங்குலம். 1977ஐவிட நாலு அங்குலம் அதிகம். திட்டின் தலை மட்டும் தெரிந்தது. மூன்று நாள் கெங்கம்மாள் களத்துத் தெருமுனையில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். களத்தின்மேலேயே அரையடித் தண்ணீர். விளிம்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நாணலின் நுனிகள் ஆட்டத்தோடு தெரிந்துகொண்டிருந்தன.

"நாணல் நின்னுகினு கீது" என்று லோகநாதன் சொன்னார்.

"படலும்தான் நின்னுது அன்னிக்கு" என்றார் கெங்கம்மாள்.

நாலாம் நாள் தண்ணீர் இறங்கியது. மேல்பக்கத்து முதல் படல் போய்விட்டது. இரண்டாவதில் பாதி. நாணல் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது, சீவிய தலைமயிர் போல. அதன் அடியில் மண் இருந்தது. நான் நாடாவை விரித்தேன். கெங்கம்மாள் எனக்கு முன்னாலேயே நடந்து முடித்து, விளிம்பில் நின்று குதிகாலால் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார்.

"நூத்திப் பதினாறு" என்றார்.

எண்பத்தேழு அடி. ஒரே ஒரு அடிதான் போயிருந்தது. தொண்ணூற்றாறு அதற்குப் பிறகு என்றும் திரும்பி வரவில்லை. 1987 ஜனவரியில் நான் கடைசியாக அளந்தபோது தொண்ணூறு. ஒவ்வொரு ஆவணியிலும் படல் புதுப்பிக்கிறார்கள். ஒரு ஆண்டு விட்டால் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் விடுவதில்லை. திட்டும் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரும் இனிப்பாகவே இருக்கிறது.

1984 ஜனவரி 30, திங்கட்கிழமை, விடிந்ததும் களத்துக்குப் போனேன். வந்தவாசி ரோட்டுக் களத்துக்குப் போன ஆட்கள் மூன்று பேரும் திரும்பி வந்திருந்தார்கள். ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். லோகநாதனின் பாவுதான். அரக்கு நிறம், மூன்று புடவை. ஆற்றுப்பக்க முளையை அவர் அடித்தபோது, கெங்கம்மாள் அங்கே போய் முளையைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு தடவை அடித்து இறக்கச் சொன்னார். பிறகு தெருமுனைக்கு வந்து, "இழுங்கோ" என்றார்.

பாவு தரையிலிருந்து எழுந்து நேராக நின்றது. உதவிக்கு வந்திருந்த சின்னம்மாள் கஞ்சித் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். கெங்கம்மாள் புறங்கையைப் பாவின்மேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாக நடந்தார். ஆற்றிலிருந்து நாற்பதடி தொலைவில் ஒரு இடத்தில் கை நின்றது. குனிந்து இழையைப் பிணைத்துவிட்டு மேலே நடந்தார். விளிம்பில் லோகநாதனுக்குப் பின்னால் ஒன்பதடி இடம் தாராளமாக இருந்தது. அவர் அங்கே நின்று பீடி பற்ற வைக்கப் போனார்.

"பட்டுகிட்ட நெருப்பா? தள்ளிப் போய்யா" என்றார் கெங்கம்மாள்.

"போறேன் போறேன். இப்பதான் தள்ளிப் போக எடம் கீதே" என்று அவர் பின்னால் நகர்ந்தார்.

எட்டு மணி இருபது நிமிடத்துக்குப் பாவை உருளையில் சுற்றி முடித்தார்கள். வெயில் அப்போதுதான் மில் சுவரின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.